பன்னிரண்டு வயதுக்கு ஒரு பாவாடை

"பன்னண்டு வயசுப் புள்ளைக்கு ஆவற மாதிரி ஒரு பாவாட சட்ட எடுங்க. நீளமா இருக்கணும். இப்பத்துப் புள்ளைங்க போடற மாதிரி முட்டி தெரியறது வேணாம்."

கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடை. சொன்னது அலமேலு அக்கா. கடைக்காரர் பத்துப் பதினைந்து பாவாடைகளை உதறிப் போட்டுவிட்டு, "பொண்ணக் கூட்டினு வந்திருக்கலாமே. அளவு பார்த்துக் குடுத்திருப்பேன்" என்றார்.

"அது வராது. நீங்க எடுங்க."

"ஸ்கூலுக்குப் போயிருக்குதா?"

"செத்துப் போச்சு. இந்தத் தம்பி பொறக்கறதுக்கு முன்னாடியே" என்று அக்கா என்னைக் கைகாட்டினாள்.

கடைக்காரர் என் நரைத்த தலையைப் பார்த்தார். பிறகு புரிந்துகொண்டவராக, "பூவாடைக்கா? முன்னாடியே சொல்றதில்லையாம்மா" என்று இன்னொரு கட்டை இறக்கினார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. மனம் லேசாக இருந்தது. என் சட்டைப்பையில் ஒரு ஜெராக்ஸ் தாள் இருந்தது. பல வாரங்கள் அலைந்து பிடித்த தாள். அடுத்த நாள் அதை எடுத்துக்கொண்டு சேலத்துக்குப் போய், "எங்க குடும்பத்துல அப்படி யாரும் இல்லைங்க டாக்டர்" என்று சொல்வதாக இருந்தேன்.

அப்படிச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன்.

சாவிக்கொத்து

இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்கு என் கடையைத் தெரியும். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பிளெக்ஸ் அடிக்கும் கடை. காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, எல்லாம் ஒரே இயந்திரத்தில்தான் வெளியே வரும். ஊரில் யார் செத்தாலும் சங்கு ஊதுகிறவருக்கு அடுத்தபடி எனக்குத்தான் தெரியும்.

அஞ்சலிக்கு வருகிறவர்களிடம் நான் கொஞ்சம் கறார். "பிறந்த தேதி என்னங்க? வயசு? அதுகூடத் தெரியாமலா வந்தீங்க?" என்று அழுத கண்ணோடு நிற்பவர்களையே கேட்டிருக்கிறேன். தன் வினை தன்னைச் சுடும் என்பது சும்மா இல்லை.

என் மகள் கயல்விழி கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. ஒரு விடியற்காலை அவளுடைய போனில் அலாரம் அடித்தது. எழுந்து உட்கார்ந்தவள் அப்படியே சரிந்துவிட்டாள். கையும் காலும் இழுத்தன. என் மனைவி சுமதி பீரோ சாவிக்கொத்தை அவள் கையில் திணித்து, "புடிடி, புடிடி" என்று கத்தினாள். எங்கள் பக்கத்தில் வலிப்பு என்றால் முதல் வைத்தியம் இரும்புதான். கொஞ்ச நேரத்தில் கண் திறந்து, "இன்னாம்மா, எதுக்குச் சாவி குடுக்கிற?" என்றாள்.

உள்ளூரில் காட்டினோம். வலிப்பாக இருக்கலாம் என்று மாத்திரை கொடுத்தார்கள். தவறாமல் போட்டாள். இரண்டு மாதம் கழித்துக் கல்லூரி வாசலில் ஒரு கரும்பு லாரியின் டயர் வெடித்தது. பக்கத்தில் நின்ற பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். இவள் தரையில் கிடந்தாள்.

அன்றைக்குப் பிறகு எங்கள் வீட்டில் சத்தம் நின்றுபோனது. அழைப்பு மணியின் ஒயரைப் பிடுங்கிவிட்டேன். சுமதி குக்கரைப் பரணில் போட்டுவிட்டுப் பானையில் சோறு வடித்தாள். யாராவது தும்மினால்கூட நாங்கள் இரண்டு பேரும் கயலைத்தான் பார்ப்போம். "என்ன ஏம்ப்பா இப்படிப் பாக்கறீங்க? பயமா இருக்குது" என்றாள் ஒருநாள். உனக்குப் பயம் என்றால் எனக்கு என்னம்மா பேர் வைப்பது என்று நினைத்துக்கொண்டேன்.

வெளியே யாருக்கும் சொல்லவில்லை. கல்யாணம் ஆக வேண்டிய பெண். இழுப்பு வருகிறது என்று ஒரு வாய் சொன்னால் போதும், ஒன்பது ஊருக்குப் போய்விடும். அந்த ஒன்பது ஊர்ச் செய்தியும் என் கடை வழியாகத்தான் போகும் என்பதால் எனக்கு இது நன்றாகத் தெரியும்.

டாக்டர் கேட்ட ஒரே கேள்வி

சேலத்தில் ஓர் இதய டாக்டரம்மாவைப் பார்க்கச் சொன்னார்கள். வலிப்புக்கு ஏன் இதயம் என்று முனகிக்கொண்டே போனேன்.

அந்த அம்மா ஈ.சி.ஜி. தாளை விளக்கு வெளிச்சத்தில் வைத்து, ஒரு சின்ன அளவுகோலால் அளந்து பார்த்தார். "சார், இது வலிப்பு இல்லாம இருக்கலாம். இதயத்துல ஓடற மின்சாரத்துல ஒரு கோளாறு இருக்கு. திடீர்னு சத்தம், பயம், நீச்சல், இந்த மாதிரி நேரத்துல இதயம் தாளம் தப்பிடும். பல சமயம் தானா சரியாகும். சில சமயம் ஆகாது."

"ஆகலைன்னா?"

அவர் அளவுகோலை மறுபடியும் தாள்மேல் வைத்தார். "ஆனா தாள்ல பார்த்தா எல்லைக்கோட்டுல இருக்கு. உறுதியா சொல்ல முடியல. இது பரம்பரையா வர்றது. உங்க குடும்பத்துல சின்ன வயசுல, நல்லா இருந்தவங்க, திடீர்னு இறந்து போயிருக்காங்களா?"

சுமதியின் பக்கம் எல்லோரும் எண்பது தாண்டித்தான் போனார்கள். என் பக்கம் அப்பா எழுபதுக்கு மேல் சர்க்கரையில் போனார். அவருடன் பிறந்தவர்களில் மூன்று பேர் சின்ன வயதில் இறந்தது உண்டு. ஆனால் மூன்றுக்கும் காரணம் தெரியும். பெரிய அத்தை ராசாத்தி பிள்ளை பெற்ற உடம்போடு காய்ச்சலில் போனாள். சின்ன அத்தை செல்லம்மா கிணற்றில் விழுந்தாள். சித்தப்பாவைக் கல்வராயன் மலையில் கரடி அடித்தது. நான் சின்னப் பையனாக இருந்தபோதே கேட்டு வளர்ந்த கதைகள்.

"திடீர்னு யாரும் இல்லைங்க" என்றேன்.

"நல்லா விசாரிச்சுட்டு வந்து சொல்லுங்க. பழைய இறப்புப் பதிவு கிடைச்சா இன்னும் நல்லது. அதுல காரணம் எழுதியிருப்பாங்க. உங்க பதிலை வச்சுத்தான் நான் அடுத்த மாத்திரையை முடிவு பண்ணணும்."

என் பதிலை வைத்து. அந்த வார்த்தையை நான் சின்னசேலம் வரும்வரை பஸ்ஸில் மென்றுகொண்டே வந்தேன்.

எந்த வருஷம்?

பழைய சாவைத் தேடுவது ஒரு தனி வேலை. அந்தக் காலத்தில் ஊர்ப் பிறப்பும் இறப்பும் கிராம முன்சீப் வீட்டில்தான் எழுதப்பட்டன. அந்த ஏடுகள் கைமாறிக் கைமாறி ஏதோ ஒரு சர்க்கார் அறைக்கு வந்து சேர்ந்திருக்கும். எந்த அறை என்று கண்டுபிடிக்கவே எனக்குப் பல நாள் ஆயிற்று. ஒரு அலுவலகத்தில் "அங்க இருக்கும்" என்பார்கள். அங்கே போனால் "இங்க எதுக்கு வந்தீங்க?" என்பார்கள்.

கடைசியில் ஒரு அம்மா, முகத்துக்குத் துணி கட்டிக்கொண்டு, "தேடித் தரேங்க. எந்த வருஷம்?" என்றார்.

"தெரியலைங்க."

"வயசு?"

"சின்ன வயசு."

"அதுகூடத் தெரியாமலா வந்தீங்க?"

என் வாயில் இருந்த அதே சொற்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

வருஷத்தைக் கண்டுபிடிக்க ஒரே வழி அலமேலு அக்கா. அவள் ராசாத்தி அத்தையின் மகள். அவள் பிறந்து ஒரு மாதத்துக்குள் அத்தை போய்விட்டாள். அவளைப் பெற்றவர் வேறு கல்யாணம் செய்துகொண்டு அந்தப் பக்கமே இருந்துவிட, அலமேலுவை எங்கள் வீட்டில்தான் வளர்த்தார்கள். முறைக்கு அவள் எனக்கு அண்ணி. ஆனால் என்னை இடுப்பில் வைத்துச் சோறு ஊட்டியவளை எப்படி அண்ணி என்பது? அக்காதான். அவளுக்கு வீட்டோடு மாப்பிள்ளை பார்த்தார்கள். கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் பூர்வீக வீட்டில் இன்றைக்கும் அவள் ராஜ்ஜியம்தான்.

ஆகவே அக்காவின் வயது தெரிந்தால் அத்தை இறந்த வருஷம் தெரியும். சுலபம்தானே. போன் போட்டேன்.

"அக்கா, உனக்கு இன்னா வயசாவுது?"

"எதுக்கு? பொண்ணு பார்க்கப் போறியா?"

"சும்மாதான் கேக்கறேன்."

"அம்பது இருக்கும்."

"எனக்கே அம்பது தாண்டிடுச்சுக்கா."

"அப்போ அதுக்கு மேல வச்சிக்க" என்று போனை வைத்துவிட்டாள்.

நேராகக் கேட்டிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். "அக்கா, உங்கம்மா எப்படிச் செத்தாங்க?" என்று எப்படிக் கேட்பேன்? கேட்டால், "எதுக்குடா இப்போ?" என்பாள். கயல் விஷயம் வெளியே வரும். அக்கா கெட்டவள் இல்லை, ஆனால் அவளிடம் சொல்வதும் மைக்கில் சொல்வதும் ஒன்றுதான். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. எங்கள் வீட்டில் அந்தப் பேச்சையே அவள் முன்னால் யாரும் எடுத்ததில்லை. தாயைத் தின்று பிறந்தவள் என்று யாரோ ஒரு விருந்தாளி சொன்னதற்கு என் அப்பா அவரைப் பந்தியிலிருந்து எழுப்பி அனுப்பியதை நான் பார்த்திருக்கிறேன்.

அதனால் நான் குத்துமதிப்பாக ஒரு வருஷம் சொன்னேன். அந்த அம்மா அதற்கு முன்னும் பின்னும் புரட்டினார். தாள் அப்பளமாக உடைந்தது. நான் வெளியே வேப்பமரத்தடியில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருப்பேன். சுமதியிடமிருந்து போன் வரும்போதெல்லாம் எனக்கே இதயம் தாளம் தப்பும். "ஒண்ணுமில்லைங்க, கயல் தூங்கறா. தூங்கறாளான்னு பார்த்துக்கினே இருக்கேன்" என்பாள். அதற்கு ஒரு போன்.

மலைக்கு மேல் எழுத்து இல்லை

சித்தப்பாவுக்காக வெள்ளிமலைக்குப் போனேன். கோமுகி அணையைத் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் மோட்டார் சைக்கிள் ஏறும்போது காது அடைத்தது. கீழே கரும்பும் நெல்லும் சதுரம் சதுரமாகத் தெரிந்தன. வேறு நாளாக இருந்தால் இறங்கிப் பார்த்திருப்பேன்.

சித்தப்பா அந்தக் காலத்தில் கடுக்காய் வாங்க மலைக்குப் போவாராம். மூட்டை கட்டிக்கொண்டு, ஒத்தையடிப் பாதையில் இறங்குவார்களாம். அப்படி ஒருநாள் கரடி அடித்துவிட்டது என்பது கதை.

மேலே விசாரித்தபோது, "அப்பல்லாம் மலை ஜாகீர்தாருங்க கையில இருந்திச்சுங்க. செத்தா பொதைப்போம். எழுதறது யாரு?" என்று சிரித்தார்கள். எழுத்து இல்லை என்று அங்கே ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிட்டது.

டீ குடித்த கடையில், சாமை மூட்டைமேல் உட்கார்ந்திருந்த ஒரு மலைக்காரர் என் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தார். "கரடி அடிச்சிதுன்னு சொல்றீங்க. மூஞ்சி இருந்திச்சா?" என்றார்.

"அதெல்லாம் தெரியாதுங்க."

"கரடி அடிச்சா மொதல்ல மூஞ்சியத்தான் உரிச்சிடும். யாருன்னே தெரியாது" என்று சொல்லிவிட்டு டீயை ஊதினார்.

எனக்கு ஏதோ உறுத்தியது. ஆனால் இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. வளைவில் வண்டி வழுக்கியது. அந்த உறுத்தலையும் வழியில் எங்கேயோ விட்டுவிட்டேன்.

மறுநாள் அந்த அலுவலகத்து அம்மாவிடமிருந்து போன். கிடைத்துவிட்டது. ராசாத்தி, எங்கள் ஊர், தகப்பன் பெயர் எல்லாம் சரி. இறந்த காரணம் என்ற கட்டத்தில் ஒரே சொல்: சுரம்.

செல்லம்மா அத்தை பெயர் எங்கேயும் இல்லை. அதனால் என்ன? கிணற்றில் விழுந்தது ஊருக்கே தெரியும். சுரம், கிணறு, கரடி. மூன்றுக்கும் மூன்று காரணம். திடீர்ச் சாவு ஒன்றும் இல்லை. அந்தத் தாளை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது, பல வாரங்களுக்குப் பிறகு எனக்குப் பசித்தது. இரண்டு பரோட்டா சாப்பிட்டேன். சுமதிக்குப் போன் போட்டு, "ஒண்ணும் இல்லடி. நம்ம குடும்பத்துல ஒண்ணும் இல்ல" என்றேன். அவள் அந்தப் பக்கம் அழுதாள்.

மேசைமேல் மூன்று துணி

அன்றைக்கு மாலைதான் அக்கா என்னைத் துணிக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவள் மகனுக்குக் கல்யாணம். பை தூக்க ஆள் வேண்டும்.

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு முன்னால் பூவாடைக்காரி கும்பிடுவோம். வீட்டில் அகாலமாகப் போனவர்களுக்குப் புதுத்துணி எடுத்து, கிணற்றடியில் பம்பை அடித்து அவர்களை அழைத்து, கரகத்தில் வீட்டுக்குக் கூட்டி வந்து படைப்போம். இருக்கிறவர்களுக்குப் பத்திரிகை வைப்பது போல இறந்தவர்களுக்கு இது. படைத்த துணியைப் பிறகு வீட்டில் அந்த வயதில் இருப்பவர்கள் உடுத்திக்கொள்வார்கள். எனக்கு நினைவு தெரிந்து எங்கள் வீட்டுக்கு மூன்று துணி. ஒரு சேலை, ஒரு வேட்டி துண்டு, ஒரு பாவாடை சட்டை. எத்தனையோ கல்யாணத்துக்கு நானே போய் வாங்கி வந்திருக்கிறேன், மளிகைச் சாமான் வாங்குவது போல.

கடைக்காரர் மூன்றையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அக்கா சேலையை மட்டும் விரித்துப் பார்த்து, "நீலம் வேணாம். எங்கம்மா செவப்பு. மாம்பழக் கலர்ல குடுங்க" என்றாள்.

மனம் லேசாக இருந்த தைரியத்தில் உளறிவிட்டேன். "பாவம் அத்த. இந்தக் காலமா இருந்தா ஒரு ஊசியில சொரம் இறங்கியிருக்கும்."

அக்கா சேலையிலிருந்து கையை எடுத்தாள். "சொரமா? எந்தச் சொரம்?"

"அத்தைக்கு வந்த சொரம். பதிவு இருக்குதுக்கா. பார்த்தேன்." தாளை எடுத்து நீட்டினேன்.

அவள் அதை வாங்கவே இல்லை. "நீ எதுக்குடா எங்கம்மா சாவத் தேடிக்கினு திரியற?"

அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. கடை என்றும் பாராமல் எல்லாவற்றையும் சொன்னேன். அலாரம், டயர், சாவிக்கொத்து, டாக்டரம்மாவின் கேள்வி. அக்கா ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மேசைமேல் கிடந்த சேலையை மடித்தாள்.

"சொரமும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றாள் பிறகு. "தேர் அன்னிக்குச் சாமி கிளம்பறப்போ வேட்டுப் போட்டாங்களாம். எங்கம்மா என்ன மடியில வச்சினு பால் குடுத்துக்கினு இருந்திச்சாம். டமார்னு சத்தம். அப்படியே செவுத்துல சாஞ்சிடுச்சாம். தூங்குதுன்னு நெனச்சிக்கினு யாரும் பார்க்கல. நான் பாட்டுக்குப் பால் குடிச்சிக்கினு இருந்தேனாம்."

கடைக்காரர் கையில் துணியோடு அப்படியே நின்றார்.

"அப்போ சொரம்னு எழுதியிருக்குதே?"

"பின்ன இன்னான்னு சொல்லுவாங்க? நல்லா இருந்தவ பொட்டுனு போயிட்டான்னா போலீசு வரும், கொண்டுபோயி அறுப்பாங்கன்னு பயம். முன்சீப்பு கேட்டப்போ சொரம்னு சொல்லிட்டாங்க. வூட்டுல பேசிக்கறப்போ முனி அடிச்சிதுன்னுதான் பேசிக்குவாங்க. உங்கப்பா எனக்குத் தெரியக்கூடாதுன்னு நெனச்சாரு. எனக்கு எட்டு வயசுலியே தெரியும்."

எனக்குக் காது அடைத்தது, மலை ஏறும்போது அடைத்தது போல. "சித்தப்பா?" என்றேன்.

"கரடி தொரத்திச்சு. ஓடியாந்து உழுந்துட்டாரு. கரடி கிட்டவே வர்ல. பாயில சுருட்டிக் கொண்ணாந்தாங்களே, ஒடம்புல ஒரு கீறல் இல்லியாம்."

பாவாடையைப் பார்த்தேன். அரக்குக் கரை போட்ட மஞ்சள் பாவாடை. "சின்ன அத்த கெணத்துல விழுந்துதான...?"

"விழல. குதிச்சா. மீன் மாதிரி நீந்துவாளாம். உங்கப்பாவுக்கு நீச்சல் சொல்லிக் குடுத்ததே அவதானாம். அன்னிக்குக் குதிச்சவ மேல வர்ல. அதையும் முனின்னுட்டாங்க."

சுரம், கரடி, கிணறு என்று தனித்தனியாக எங்கள் காதில் போட்டு வைத்திருந்த மூன்று கதைகளும் அந்த மேசைமேல் ஒன்றாகிவிட்டன. ஒவ்வொரு கல்யாணத்திலும் சேர்த்து வாங்கினோம், சேர்த்து வைத்துக் கும்பிட்டோம். சேர்த்து ஒருநாளும் யோசிக்கவில்லை. எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது. பக்கத்து வீட்டுக்காரனின் மூன்று சாவை ஒருவன் வந்து இப்படிச் சொல்லியிருந்தால் நான் அரை நிமிஷத்தில் முடிச்சுப் போட்டிருப்பேன்.

இன்னொன்றும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. என் கடைச் சுவரில் கயலின் படம் ஒன்று மாட்டியிருக்கிறேன். என் தம்பி கல்யாணத்தில் எடுத்தது. பத்து வயதில், மஞ்சள் பாவாடை சட்டையில் சிரிக்கிறாள். அது செல்லம்மா அத்தைக்குப் படைத்த பாவாடை. நான்தான் அவளுக்கு எடுத்துக் கொடுத்துக் கட்டிக்கொள்ளச் சொன்னேன்.

"இவ்வளவுதானாம்மா? இன்னும் எதுனா சேக்கணுமா?" என்றார் கடைக்காரர். அவர் வியாபாரத்துக்குக் கேட்டார்.

"வேணாங்க" என்றேன். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து மேசையில் சேலை பார்த்தவர்கள் திரும்பினார்கள்.

அம்மா விட்டுப்போனது

மறுநாள் சேலத்துக்கு அக்காவும் வந்தாள். வேண்டாம் என்றால் கேட்பவளா? டாக்டரம்மாவிடம் நான் ஆரம்பிப்பதற்குள் அவளே மூன்று சாவையும் சொல்லி முடித்துவிட்டாள். டாக்டரம்மா ஒரு தாளில் எங்கள் குடும்பத்தை வட்டமும் சதுரமுமாகப் போட்டு, கோடு இழுத்து, மூன்றைக் கறுப்பாக்கினார். நான் கொண்டுபோன ஜெராக்ஸை மேலோட்டமாகப் பார்த்து ஓரமாக வைத்தார்.

"ரொம்பத் தெளிவா இருக்கு" என்றார். வலிப்பு மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தி, வேறு மாத்திரை எழுதினார். தவறக்கூடாது என்றார். வேறு எதற்கு எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் காட்ட வேண்டும் என்று ஒரு அட்டை கொடுத்தார். "இனிமே ஆபத்து ரொம்பக் கம்மி. இல்லவே இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன்."

ஆகவே நான் இன்னும் பயந்துகொண்டுதான் இருக்கிறேன். ஆனால் எதற்குப் பயப்படுகிறேன் என்று இப்போது தெரியும். அதற்கு ஒரு பெயர் இருக்கிறது, ஒரு மாத்திரை இருக்கிறது.

எனக்கும் ஈ.சி.ஜி. எடுத்தார்கள். எனக்கும் இருந்தது. அக்காவுக்கும் இருந்தது. தாளை அவள் நீளவாக்கில் விரித்துப் பார்த்தாள், சேலை பார்ப்பது போலவே.

"எங்கம்மா எனக்குன்னு வுட்டுட்டுப் போனது இது ஒண்ணுதான்" என்றாள்.

டாக்டரம்மா எழுந்து வந்து அவள் தோளில் கை வைத்தார்.

கயல் விஷயம் ஒரு வாரத்தில் உறவு முழுக்கப் பரவிவிட்டது. அக்காதான் பரப்பினாள். ஆனால் நான் பயந்தது போல இல்லை. "இது நம்ம ரத்தத்துல வர்றது. நெஞ்சுப் படம் எடுத்துப் பார்க்காதவங்க என் புள்ள கல்யாணத்துக்கு வர வேணாம்" என்று அவள் வீடு வீடாகப் போன் போட்டிருக்கிறாள். வேறு இரண்டு வீட்டுப் பிள்ளைகள் சேலத்துக்குப் போனதாகக் கேள்வி. இந்த வயதிலும் அவள் வாயை நான் தப்பாகத்தான் எடை போட்டிருக்கிறேன்.

கிணற்றடி

பூவாடை அன்று எனக்கு ஒரே கவலை. பம்பையும் உடுக்கையும் இருக்கும். கரகம் எடுக்கும்போது வெடி போடுவார்கள். அக்காவின் வீட்டுக்காரர் முன்பே வெடிக்குச் சொல்லி வைத்திருந்தார். மாத்திரைதான் போடுகிறேனே என்று கயல் சொன்னாள். கயலை வீட்டுக்குள்ளேயே வைத்துக் கதவைச் சாத்திவிடலாமா என்று நான் சுமதியிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அக்கா வாசலில் நின்று வெடிக்காரரைத் திருப்பி அனுப்பினாள். அவள் வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். "சாவு வூடா இது?" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

கிணற்றடியில் பலகை போட்டு மூன்று துணியையும் வைத்து, பூப் போட்டு, கற்பூரம் ஏற்றினார்கள். அது செல்லம்மா அத்தை குதித்த அதே கிணறு. பம்பைக்காரர் குச்சியை எடுத்தார். அக்கா அவர் கையைப் பிடித்தாள்.

"அடிக்க வேணாங்க. வெரலால தட்டுங்க போதும்."

"அது எப்படிம்மா? முழக்கி அழைச்சாத்தான் எறங்குவாங்க. சத்தமில்லாம கூப்புட்டா வராதும்மா."

"சத்தத்துலதான எங்கம்மா போச்சு" என்றாள் அக்கா. "சத்தம் இல்லாட்டி வரும்."

பம்பைக்காரர் அவளையே பார்த்தார். பிறகு குச்சிகளை இடுப்பில் செருகிக்கொண்டு, விரல் நுனியால் தோலைத் தட்ட ஆரம்பித்தார். கிணற்றுக்குள் தண்ணீர் சொட்டுவதுகூடக் கேட்டது. அக்கா கண்ணை மூடி நின்றாள். அவள் கன்னத்தில் நீர் வழிந்தது, அவள் துடைக்கவில்லை. கயல் என் பக்கத்தில், என் கையைப் பிடித்தபடி நின்றாள்.

நான் பலகைமேல் இருந்த துணிகளை எண்ணினேன். மூன்று. கற்பூரம் அணையும் முன் மறுபடியும் எண்ணினேன்.